யாரும் பெயர் கேட்காத இடம்

மினியாபொலிஸ்
ஆகஸ்ட் 9

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மீனா சொன்னாள். மாடிப்படி ஏற விடாதே, சொன்னால் கேட்க மாட்டார்கள், நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும். அண்ணனுக்கு வணக்கம் சொல்லு. உனக்கு விசா கிடைத்த செய்தி கேட்டதும் நானும் யாழினியும் சமையலறையில் குதித்தோம். ஓமஹாவில் கார்த்தி உனக்காக நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் என்று பெரிய பட்டியல் போட்டிருக்கிறானாம். போடட்டும். அதில் நான்கு நாளை மட்டும் எனக்குக் கொடு. எதற்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஏப்ரலில் அவருக்கு வேலை போய்விட்டது. பதறாதே, ஜூனில் வேறு இடம் கிடைத்து இப்போது போய்வந்துகொண்டிருக்கிறார். நீ அப்போது ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தாய், அதனால் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று மீனாவின் வாயையும் அடைத்துவைத்தேன். ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி இவர் பெயரில் மனுப் போடவேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்டவேண்டியதுதான். கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் எத்தனை காலமாக நிற்கிறோம் என்று உனக்குத் தெரியும். யாழினிக்கு 21 வயதானால் அவள் எங்கள் விசாவின் நிழலில் இருக்கவும் முடியாது. அந்த நாட்களில் வீட்டில் எந்த இழுப்பறையைத் திறந்தாலும் ஏதோ ஒரு தாள். வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட் நகல், நாட்டுக்குள் வந்ததற்கும் தங்குவதற்கும் தேதி போட்ட ஐ-94 தாள். இந்த நாட்டில் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குக்கூட யாரோ தேதி குறித்துவைத்திருப்பதாகத் தோன்றும். அவர் ராத்திரி தூங்காமல் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பார். பேசினால் எரிந்து விழுவார், பேசாவிட்டாலும் எரிந்து விழுவார்.

மே மாதம் யாழினிக்குப் பரீட்சை முடிந்தது. அவள்தான் கிளப்பினாள். “அம்மா, காசே செலவில்லாமல் ஒரு இடத்துக்குப் போகலாம், பெட்ரோல் மட்டும் போட்டால் போதும்” என்றாள். அப்படிக் கிளம்பிப் போனதுதான் பேட்லேண்ட்ஸ்.

தெற்கு டகோடாவில் இருக்கிறது. இங்கிருந்து ஒரு பகல் முழுக்க மேற்கே கார் ஓட்டவேண்டும். மிசௌரி ஆறு வரைக்கும் சோளக்காடு, சோளக்காடு, சோளக்காடு. சேம்பர்லைன் என்ற ஊரில் ஆற்றைத் தாண்டினதும் நிலமே வேறாகிவிடுகிறது. உழவு குறைந்து, புல் மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றன்பின் ஒன்றாக. வழியெல்லாம் வால் டிரக் என்ற கடையின் விளம்பரப் பலகைகள். 1931-இல் ஒரு தம்பதி வாங்கிய மருந்துக் கடை அது. ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். 1936 கோடையில் அந்த அம்மாள் ‘ஐஸ் தண்ணீர் இலவசம்’ என்று ரோட்டோரம் பலகை வைக்கலாம் என்று யோசனை சொன்னாள். அன்றிலிருந்து கூட்டம் ஓயவில்லை. இன்றைக்கும் தண்ணீர் இலவசம், காபி ஐந்து சென்ட். நீ கட்டாயம் குடிக்கவேண்டும், அந்த அம்மாளின் புத்திக்காகவாவது.

அந்தக் கடை இருக்கும் வால் என்ற சிறிய ஊரிலிருந்து தெற்கே எட்டு மைல் போனால் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் பினக்கிள்ஸ் வாயில். வாயிலுக்குச் சற்று முன்னாலேயே ஒரு மண்பாதை பிரிகிறது. அது பூங்கா நிலம் இல்லை. பஃபலோ கேப் தேசியப் புல்வெளி, வன இலாகாவுக்கு உட்பட்டது. அங்கே உனக்குப் பிடித்த இடத்தில் காரை நிறுத்தி, கூடாரம் அடித்து, 14 நாள் வரை தங்கலாம். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, பெயர் எழுத ஒரு நோட்டுகூடக் கிடையாது. டிஸ்பர்ஸ்ட் கேம்பிங் என்கிறார்கள். எங்கள் கூடாரத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி நடந்தால் விளிம்பு. அதற்குப் பிறகு தரையே இல்லை. கீழே மஞ்சளும் சிவப்பும் சாம்பலும் பட்டை பட்டையாக ஓடும் முகடுகள், ஆயிரக்கணக்கில்.

பூகோளம் டீச்சருக்கு இதற்கு மேல் சொல்லாமல் இருக்க முடியுமா? அடியில் இருக்கும் கரும்சாம்பல் அடுக்கு, வட அமெரிக்காவின் நடுவில் கடல் கிடந்த காலத்துச் சேறு, ஏறக்குறைய 7 கோடி வருடம் பழையது. மேலே வர வர ஆற்று வண்டல், அதற்கு மேல் தூரத்து எரிமலைகளிலிருந்து காற்றில் வந்து இறங்கிய சாம்பல். அரிப்புத் தொடங்கிச் சுமார் 5 லட்சம் வருடம்தான் ஆகிறது. வருடத்துக்கு ஓர் அங்குலம் வீதம் இன்னமும் கரைந்துகொண்டிருக்கிறது, கிரானைட் கரைவதோடு ஒப்பிட்டால் இது ஓட்டம். நீ போர்டில் கோடு போட்டுக் காட்டும் அத்தனை அடுக்கையும் கையால் தொடலாம். மண்ணின் மேல்தோல் பொரியைப் பரப்பிவைத்த மாதிரி புடைத்து வெடித்து நிற்கிறது. அந்தச் சாம்பல் காலப்போக்கில் பென்டோனைட் களிமண்ணாகியிருக்கிறது. நனைந்தால் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும்.

சரி, நீ முதலில் கேட்கப்போவது கக்கூஸ் எங்கே என்றுதான். மாஞ்சோலை போனபோது பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சண்முகம் சாரிடம் கேட்டாயே, அதே கேள்வி! கேள். அங்கே கக்கூஸ் இல்லை, குழாய் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை. நாங்கள் மூடி போட்ட வாளி ஒன்று கொண்டுபோயிருந்தோம். அதற்கென்று தடித்த பை விற்கிறது, உள்ளே ஒரு பொடி இருக்கும், எல்லாவற்றையும் கட்டியாக்கிவிடும். வாளியைச் சுற்றி ஆளுயரத்துக்கு ஒரு சின்னக் கூடாரம். பையைக் கட்டி எடுத்துவந்து ஊரில் குப்பையில் சேர்த்துவிடவேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும். பகலில் பூங்காவுக்குள் போனால் அங்கே கழிப்பறைகள் இருக்கின்றன. தண்ணீரை வால் ஊரில் பெரிய கேனில் பிடித்துக்கொள்ளலாம். பாம்பு? ராட்டில் ஸ்னேக் உண்டு. புல்லில் கால் வைக்கும்முன் பார்த்து வை, கையை இடுக்கில் விடாதே. பாபநாசத்தில் வளர்ந்தவளுக்கு நான் இதையெல்லாம் சொல்லவேண்டியதில்லை.

இப்போது நான் சொல்லவந்ததற்கு வருகிறேன்.

இரண்டாவது நாள் சாயங்காலம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் அடுப்பை மூட்டிக் கிச்சடி கிண்டிக்கொண்டிருந்தார். மண்பாதையில் ஒரு வெளிர்ப்பச்சை டிரக் மெதுவாக வந்து எங்கள் பக்கத்தில் நின்றது, கதவில் வன இலாகாவின் சின்னம். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் காருக்குப் போய், டேஷ்போர்டு அறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்திருந்த தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். யாரும் கேட்கவில்லை கோமதி. டிரக்கை ஓட்டிவந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, “புயல் வருகிறது, கூடாரத்தை விளிம்பிலிருந்து இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள், மின்னல் ஆரம்பித்தால் காருக்குள் போய்விடுங்கள், தண்ணீர் போதுமான அளவு இருக்கிறதா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். கையசைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். அவர் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கிச்சடி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அசைந்தார். அதன்பிறகு அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது மாமா காலமானபோது மட்டும்தான்.

எங்கே போனாலும் நீ யார், எதற்கு வந்தாய், எத்தனை நாள் இருப்பாய், எவ்வளவு கட்டுவாய் என்ற கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது. நாங்கள் அந்தக் கேள்வியிலேயே இத்தனை வருடம் குடியிருந்துவிட்டோம். அப்படிப்பட்ட நாட்டில் இப்படியும் ஒரு நிலம் இருக்கிறது, நம்மைப் படுத்துத் தூங்க விடுகிறது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அன்று ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். மின்னல் வெட்டும்போதெல்லாம் கீழே அத்தனை முகடும் பகல் மாதிரி தெரிந்து மறையும். காலையில் பாதை முழுக்கக் களி. செருப்பை எடுத்து வைத்தால் அடியில் இரண்டு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும், சக்கரம் வழுக்கும். ஒரு வண்டியும் நகர முடியாது, காயும்வரை காத்திருக்கவேண்டியதுதான். பக்கத்தில் நின்ற ஆர்.வி.யில், அதாவது வீடு மாதிரி உள்ளேயே தங்கும் வண்டியில், ஐயோவாவிலிருந்து வந்த ஒரு பாட்டி எங்களைக் காபிக்குக் கூப்பிட்டாள். நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பேச்சுவாக்கில் புல்வெளியைக் காட்டி, “என் தாத்தா விட்டுவிட்டுப் போன நிலம் இதில் எங்கேயோ இருக்கிறது” என்றாள்.

1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் இருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். கிழக்கே மழை பெய்யும் ஊரில் அது ஒரு குடும்பத்துக்குத் தாங்கும். இங்கே வருடத்துக்கு 16 அங்குலம்தான் மழை. புல்லை உழுது கோதுமை போட்டார்கள். 1930-களில் வறட்சி, வெட்டுக்கிளி, புழுதிப்புயல். வரி கட்ட முடியாமல் விட்டுவிட்டு ஓடினார்கள். அப்படிக் கைவிடப்பட்ட நிலங்களைத்தான் அரசாங்கம் விலைக்கு வாங்கி, மறுபடி புல் முளைக்கவைத்தது. 1954-இல் வன இலாகாவிடம் ஒப்படைத்தார்கள், 1960-இல் தேசியப் புல்வெளி என்று பெயர் வைத்தார்கள். பஃபலோ கேப் மட்டும் சுமார் 6 லட்சம் ஏக்கர். நடுநடுவே தனியார் நிலமும் கிடக்கிறது, அதனால் வரைபடம் பார்த்துத்தான் தங்கவேண்டும். பாட்டிக்குத் தாத்தாவின் நிலம் எது என்று தெரியாது. ஒவ்வொரு மே மாதமும் வந்து ஏதோ ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறாளாம்.

அந்தத் தாத்தாவுக்கு முன்னால் அது யாருடையது என்பதையும் உன்னிடம் சொல்லாமல் விட முடியாது. 1868-இல் ஃபோர்ட் லாரமியில் போட்ட ஒப்பந்தப்படி மிசௌரிக்கு மேற்கே தெற்கு டகோடா முழுவதும் லகோட்டா மக்கள் உள்ளிட்ட சியூ என்ற பூர்வகுடி இனத்தாருக்கு. அதற்குள் இருந்த பிளாக் ஹில்ஸ் என்ற மலையில் தங்கம் கிடைத்தது, 1877-இல் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1889-இல் மீதியையும் துண்டு போட்டார்கள். 1890 டிசம்பரில் பிக் ஃபுட் என்ற தலைவர் தன் மக்களை அழைத்துக்கொண்டு, நான் கூடாரம் போட்ட அதே நெடிய விளிம்பில் இன்னும் கிழக்கே ஒரு கணவாய் வழியாகத்தான் குளிரில் இறங்கிப் போனார். அவருக்கு அப்போது நிமோனியா. சில நாள் கழித்து உண்டட் நீ என்ற இடத்தில் அவரையும், பெண்கள் குழந்தைகள் உட்பட இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களையும் ராணுவம் சுட்டுக் கொன்றது. 1980-இல் உச்ச நீதிமன்றம், பிளாக் ஹில்ஸை எடுத்துக்கொண்டதற்கு வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கும் மேல் நஷ்டஈடு உண்டு என்று தீர்ப்பளித்தது. பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று இன்றுவரை அவர்கள் அதைத் தொடவில்லை.

யாழினி இதைப் பூங்காவின் அருங்காட்சியகத்தில் படித்துவிட்டு வந்து, “அப்படியென்றால் நாம் இங்கே தங்குவது சரியா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்களை யாரும் கேள்வி கேட்காத நிலம், யாரிடமெல்லாமோ கேட்காமல் எடுத்த நிலம். இரண்டும் உண்மை. அதை மனசில் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை. நீ வந்து உட்கார்ந்து பேசினால் வருமோ என்னவோ. உன்னோடு பேசித்தானே நான் எதையும் முடிவு செய்திருக்கிறேன், டிரெய்னிங் சேர்வதா வேண்டாமா என்பதிலிருந்து.

இந்த இடம் இப்படியே இருக்குமா என்ற பயமும் உண்டு. குப்பையை விட்டுப் போகிறார்கள், ஈர மண்ணில் வண்டியை ஓட்டிப் பள்ளம் தோண்டுகிறார்கள். மற்ற இடங்களில் இதற்காகவே பாதையைச் சங்கிலி போட்டு அடைத்திருக்கிறார்கள். 2025 ஜூனில் மேற்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான ஏக்கர் பொது நிலத்தை விற்க செனட்டில் ஒரு முயற்சி நடந்தது. தெற்கு டகோடா அந்தப் பட்டியலில் இல்லை. வேட்டைக்காரர்கள், மீன்பிடிப்பவர்கள், மலையேறுபவர்கள் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் கத்தியதில் அந்த மாதக் கடைசியில் கைவிட்டார்கள். எனக்கு இங்கே ஓட்டு இல்லை. அதனால் நாங்கள் கிளம்பின அன்று பையைப் பிடித்துக்கொண்டு விளிம்பு நெடுக நடந்து, பாட்டில் மூடியும் சிகரெட் துண்டுமாகப் பொறுக்கினோம். பாட்டியும் குனிய முடியாமல் குனிந்து பொறுக்கினாள்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் வசதியாக இருக்கும். பகலில் வெயில், ராத்திரியில் குளிர், அதனால் உன் ஊட்டி ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்துவா. ஷூ பழையதாக இருக்கட்டும், அந்தக் களியில் புதுசு தாங்காது. அத்தைக்குக் கட்டும் முழங்கால் பட்டை மாதிரி உனக்கும் ஒன்று வாங்கிக்கொள், இறக்கத்தில் உதவும். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, வாளி எல்லாம் என்னிடம் இருக்கிறது. புளிக்காய்ச்சல் மட்டும் நீ கொண்டுவந்தால் போதும். கார்த்தி, “அம்மாவை வெட்டவெளியில் படுக்கவைப்பதா” என்று நிச்சயம் சண்டைக்கு வருவான். அவனிடம் நீயே சொல்கிறாயா, நான் போன் போடட்டுமா?

அன்புடன்,
விஜி