டிரெஸ்டனில் என்னோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் படிக்கப் போன நான் திருப்பூருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நேற்று கோவையில் டாக்டர் பார்த்துவிட்டு, இனி மாத்திரை வேண்டாம், பழையபடி சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டார். அந்தச் சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். டிசம்பரில் என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, அவசியமும் இல்லை.

நடுராத்திரியில் 112-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையை விடாத பக்கத்து அறைத் தோழிக்கு நன்றி. அறுவை சிகிச்சை செய்த டாக்டர்களுக்கும், நான் தூங்காத இரவுகளில் கேட்காமலேயே வந்து எட்டிப் பார்த்த நர்ஸ்களுக்கும் நன்றி. டிரெஸ்டனில் படிக்கும் தமிழ் அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் நன்றி. அந்த ஊர் மருத்துவமனையில் இரவுச் சாப்பாடு என்றால் ரொட்டியும் சீஸும்தான், சூடாக எதுவும் வராது. அது தெரிந்து நீங்கள் முறை போட்டுக்கொண்டு ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுவந்தீர்கள். 2024 செப்டம்பரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி இடிந்து எல்பே ஆற்றில் விழுந்த பிறகு டிராம்கள் சுற்றுவழியில் ஓடின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தக் குளிரில் அவ்வளவு சுற்றிக்கொண்டு வந்தீர்கள். மருத்துவச் சான்றிதழைப் பார்த்ததும் மறு பேச்சில்லாமல் தேர்வைத் தள்ளிவைத்த பேராசிரியர்கள், ஊரில் அம்மாவைத் தனியாக விடாமல் மாறி மாறி வந்து உட்கார்ந்திருந்த எங்கள் தெருக்காரர்கள், அப்பாவின் பனியன் கம்பெனி நண்பர்கள், யாரையும் நான் மறக்கவில்லை.

இனி ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். எங்கள் விடுதியின் ஹவுஸ்மைஸ்டர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். அங்கே தங்கியவர்களுக்கு அவரைத் தெரியும். குப்பைத் தொட்டியில் காகிதத்தோடு பிளாஸ்டிக் கலந்தால் மறுநாளே நோட்டீஸ் ஒட்டுவார். மாடிப்படிக்குக் கீழே சைக்கிளை விட்டால் அதற்கும் நோட்டீஸ். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அவரும் நானும் அதுவரை காலை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை.

ஜெர்மனியில் எல்லாம் கடிதம்தான். எத்தனை செயலிகள் வந்தாலும் அரசு அலுவலகம், காப்பீடு, வங்கி எல்லாம் ஜன்னல் வைத்த உறையில் தபால்தான் அனுப்பும். பெரும்பாலும் உள்ளே ஒரு கெடுதேதி இருக்கும். நான் படுக்கையில் கிடந்தபோது என் தபால்பெட்டி நிரம்பி, உறைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தனவாம். அவர் தோழியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் என்னிடம் போனில் சம்மதம் கேட்கச் சொல்லி, பெட்டியின் சாவியை வாங்கி, அன்று சாயங்காலமே வேலை முடிந்து நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டார், வேலை உடுப்போடு.

ஒரு உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது அங்கே சட்டப்படி குற்றம். அனுப்பியவர் பெயரை மட்டும் பார்த்து மூன்று கட்டாக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு சின்னத் தாள், பென்சிலில், எனக்குப் புரிய வேண்டும் என்று அச்சு எழுத்துப் போல ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எழுதியிருந்தார். முதல் கட்டில் ‘உடனே’. இரண்டாவதில் ‘பிறகு’. மூன்றாவதில் ‘பயப்பட வேண்டாம்’. மூன்றில் அதுதான் தடிமனான கட்டு.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சங்கடப்பட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு, பயப்பட வேண்டாம் என்ற கட்டிலிருந்தே ஆரம்பித்தார். நான் பிரிப்பேன், அவர் படிப்பார், மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்வார். அவருக்கு ஆங்கிலம் வராது. அவர் அப்போது தனி நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனியில் படித்தவர், அங்கே பள்ளியில் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்தது ரஷ்ய மொழி. என் ஜெர்மன் அரைகுறை. முடியாத இடத்தில் தோழி கைகொடுத்தாள்.

பதினோரு இலக்க வரி எண் ஒன்று வந்திருந்தது. அது நகர அலுவலகத்தில் முகவரி பதிந்த எல்லோருக்கும் வருவது, ஆயுளுக்கும் அதே எண்தான், பத்திரமாக வைத்துக்கொள் என்றார். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம். டிவியே இல்லையே என்றேன். டிவி இல்லாவிட்டாலும் உண்டு, எல்லோரும்தான் கட்டுகிறோம் என்றார். மருத்துவமனையின் பெயர் போட்ட உறையைப் பிரிக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. எத்தனை லட்சம் எழுதியிருக்குமோ, அப்பா எதை விற்பாரோ என்று அதுவரை எத்தனையோ இரவுகள் கணக்குப் போட்டிருந்தேன். உள்ளே இருந்தது, படுக்கையில் இருந்த ஒரு நாளுக்கு 10 யூரோ. அவ்வளவுதான். மீதியைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும், அந்தப் பத்து யூரோவும் ஒரு வருஷத்தில் 28 நாளுக்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று விரல் விட்டுச் சொன்னார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

‘உடனே’ கட்டில் இருந்தது ஒரே ஒரு உறை. தங்கும் அனுமதிக்காக நேரில் வரச் சொல்லி அலுவலகம் அனுப்பியது. விசா முடியும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, நானோ எழுந்து நிற்கவே முடியாத நிலை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். எனக்குப் பதிலாக இன்னார் வரலாம் என்று நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடும்படி சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். டாக்டரிடம் ஒரு சான்று வாங்கினோம். அந்த நாள் வந்தபோது தோழியை மட்டும் அனுப்பாமல் தானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். அந்தக் காகிதம் சரியாகப் போய்ச் சேர்ந்ததால்தான் நான் நிம்மதியாகப் படுத்துக் குணமாக முடிந்தது.

பிறகு ஒரு நாள் கேட்டேன், எனக்காக ஏன் இவ்வளவு என்று. உடனே பதில் சொல்லவில்லை. பிறகு தோழியைப் பார்த்துச் சொன்னார், அவள் எனக்குச் சொன்னாள். இளவயதில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் வியட்நாமியர்கள் நிறைய பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தார்கள். கிழக்கு ஜெர்மனி முழுக்க அப்படி ஏறத்தாழ 60,000 பேர். 1989-ல் பெர்லின் சுவர் விழுந்து, அடுத்த வருஷம் நாடு ஒன்றானபோது, ஆலைகள் மூடத் தொடங்கியதும் முதலில் வேலையும் தங்குமிடமும் போனவர்களில் அவர்கள் உண்டு. வேலை போய்விட்டது என்று வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்னவென்று தெரியாமல் பக்கத்து மெஷின்காரர் ஒருவர் இவரிடம் வந்து காட்டினாராம். படித்துச் சொன்னது இவர்தான். சொல்லிவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேன் என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஊருக்கு வந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. எங்கள் திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! அப்பாவின் கம்பெனியிலேயே பாதிப் பேர் அவர்கள்தான். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நிற்பவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வரிசையில் என் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர்களும் காகிதத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் என்பது எனக்கே அப்படி ஒரு நிலை வந்த பிறகுதான் உறைத்தது.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு பின்வாங்க முடியாது. சனிக்கிழமைதோறும் காலையில் அந்த அரசு மருத்துவமனையில் போய் நிற்கப் போகிறேன். சீட்டைப் படித்துச் சொல்ல, அறையைக் காட்ட, மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று உறையின்மேல் அவர்களுக்குப் புரியும் எழுத்தில் எழுதிக்கொடுக்க. எனக்கு இந்தி ஓரளவு வரும், ஒடியா தெரியாது. அப்பாவின் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் ஒரு ஒடியா அண்ணன், தமிழும் நன்றாகப் பேசுபவர், கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். திருப்பூர் நண்பர்கள் யாராவது சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது, எனக்கு ஒரு போன் போடுங்கள்.

டிரெஸ்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது இதை ஜெர்மனில் அவருக்குப் படித்துக்காட்டுங்கள், மெதுவாக. அம்மா அவருக்காக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறார், முறுக்கும், அப்பாவின் கம்பெனியில் தைத்த இரண்டு பனியன்களும். கிளம்பும்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: முகவரிப் பதிவை நீக்கிவிட்டுப் போ, வானொலிக் கட்டணத்துக்கும் தனியாக எழுதிப்போடு, இல்லையென்றால் ஊருக்குப் போன பிறகும் கடிதம் வந்துகொண்டே இருக்கும் என்று. இரண்டையும் செய்தேன். கட்டணக் கணக்கை முடித்துவிட்டோம் என்ற கடிதம் போன வாரம் விடுதிக்கு வந்ததாம், தோழி படம் எடுத்து அனுப்பினாள். அதையும் அவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
உங்கள் திருப்பூர்ப் பெண்