பை மாட்டி அனுப்பினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குடல் ஆபரேஷனில் இலியாஸ்டமி செய்து, அதாவது சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே கழிவைப் பிடிக்க மாட்டும் பையை எப்படி மாற்றுவது என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், சரி, ஆனால் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிப் பலருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. தண்ணீரை உறிஞ்ச வேண்டிய பெருங்குடலுக்கே போகாமல் நீரும் உப்பும் பையில் இறங்கிக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து. அந்த நேரத்தில் சிறுநீர் பிரியும் மாத்திரை, பிரஷருக்கு எனலாபிரில் அல்லது டெல்மிசார்டான், போதாததற்கு மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் என்று எல்லாவற்றையும் வழக்கம்போல் போட்டால் கிட்னி எப்படித் தாங்கும்? இவர்கள் மறுபடி மருத்துவமனையில் சேர முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நீரிழப்புதான். வீட்டில் ஆளாளுக்கு "தண்ணி நிறையக் குடிங்க" என்பார்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் உப்பையும் இழுத்துக்கொண்டு பைக்குத்தான் போகும், ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் உடம்பில் தங்கும்.

மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவதும் தப்பு. எவ்வளவு போனால் எந்த மாத்திரையை நிறுத்தலாம், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் இரண்டு வரி எழுதித் தர மருத்துவமனைகளுக்கு என்ன கஷ்டம்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி