மனநல மறுஆய்வு வாரியத்துக்கு: முப்பது நாள் மாத்திரை கேட்டு ஒரு மடல்

எங்கள் மாவட்ட மனநல மறுஆய்வு வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் யார் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். ஜனவரியில் ஒரு புகார், ஏப்ரலில் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டுக்கும் தபால் ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது ஒன்றுதான். மனநலப் பிரிவு டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதும் மாத்திரையை ஒரு மாதத்துக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

என் அண்ணனுக்குப் பதினோரு வருடமாக பைபோலார், அதாவது அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். லித்தியம் என்ற மாத்திரையில் நன்றாக இருக்கிறார். போன புதன்கிழமை ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும் என்பதால் காலை மாத்திரையைப் போடாமல் கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாகப் பேசி முப்பது நாளுக்கு எழுதினார். மருந்து ஜன்னலில் இருந்த அம்மா பத்து நாளுக்கு எண்ணி, கத்தரியால் அட்டையை வெட்டினார். மீதிக்கு ஓ.பி. சீட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் 'வெளியே' என்று எழுதித் தந்தார். வெட்டியதில் மருந்தின் பெயர் பாதி போய்விட்டது, காலாவதித் தேதி முழுசாகவே போய்விட்டது. அண்ணன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் மாத்திரைதானா?" என்று கேட்டார். 2019இல் நோய் திரும்பியபோதும் கொடுத்த மாத்திரையின் மேல் வந்த சந்தேகத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்கு உயிர் இல்லை.

அவர் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒரு நாள் லீவு என்றால் முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. மூன்று நாள் கேட்டால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் வேலை போய்விடும்.

மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் முதலில் சொல்லிப் பார்த்தேன். "ஸ்டாக் வரலைம்மா" என்றார். சரி, வரவில்லை. அப்புறம்? அவர் பதிலில் திருப்தி இல்லையென்றால் வாரியத்திடம் போகலாம் என்று 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில்தான் இருக்கிறது. எந்நேரமும் என்றால் மாதத்தில் பத்து நாள் என்று அர்த்தமில்லை. இதெல்லாம் நீதிபதி தலைமையில் நடக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோயாளிகள், பராமரிப்பவர்கள், அவர்களுக்கான அமைப்புகள் தரப்பில் இரண்டு பேருக்கு வாரியத்தில் இடம் உண்டு. அவர்களில் ஒருவராவது இந்த ஜன்னலில் நின்றிருப்பார் என்று நம்புகிறேன்.

1912இல் ஒரு சட்டம், 1987இல் ஒரு சட்டம், இப்போது இது. பைத்தியம் என்ற சொல்லை எடுத்துவிட்டோம், பலகைகளை மாற்றிவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் செத்தபோது, அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைத் திட்டாத ஆள் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்திருந்தால் எத்தனை பேர் விட்டிருப்பார்கள் என்று கேட்டவர்கள்தான் குறைவு. வருடா வருடம் உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று பேனர் கட்டுகிறார்கள். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், ஐயா. அந்த பிளெக்ஸ் மட்டும் ஒரு வருடமும் ஸ்டாக் இல்லாமல் போனதில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். முப்பது நாளுக்கு எழுதியதை முப்பது நாளுக்கும், வெட்டாத அட்டையாகக் கொடுக்க உத்தரவிடுங்கள். உண்மையிலேயே இருப்பு இல்லையென்றால், எப்போது வரும் என்று தேதி போட்டுக் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை.

அண்ணனின் மாத்திரை வரும் வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது. அதற்குள் ஒரு பதில் தயவுசெய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஜனவரியிலும் ஏப்ரலிலும் எழுதிய அதே தங்கை