ஆண்டறிக்கை 2024–25: பார்க்கிங் இடத்துக்காக நம்ம மாற்றுத்திறனாளிகள் சங்கம் அலைஞ்ச வருஷம்

சங்கத்து அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல்லேர்ந்து 2025 மார்ச் வரைக்குமான செயலாளர் அறிக்கை இது. பொதுக்குழுவுக்கு வர முடியாதவங்களும் படிக்கணும்னு தலைவர் சொன்னாரு, அதனால அங்க வாசிச்சத அப்படியே டைப் பண்ணி போடறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

வழக்கமான வேலைங்க வழக்கம்போல நடந்துச்சு. மாசக் கூட்டம் தவறாம போட்டோம். யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் குடுக்கற அடையாள அட்டை) புதுப்பிக்கறது, பஸ் பாஸ், சைடு வீல் ஸ்கூட்டருக்கு (பின்னாடி ரெண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வச்ச வண்டி) விண்ணப்பம் எழுதிக் குடுக்கறது எல்லாத்தையும் துணைச் செயலாளர் தம்பி பாத்துக்கிட்டாரு, அவருக்கு தனியா நன்றி சொல்லணும். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின நிகழ்ச்சியும் நல்லபடியா முடிஞ்சுது. இந்த வருஷம் நம்மள விட்டுப் போன உறுப்பினர்களுக்காக, நிக்க முடிஞ்சவங்க நின்னும் மத்தவங்க உக்காந்தபடியும் ஒரு நிமிஷம் மௌனமா இருந்தோம். வரவு செலவை பொருளாளர் அக்கா வாசிச்சு ஒப்புதலும் வாங்கிட்டாங்க, அதுக்குள்ள நான் போகல.

மத்தபடி இந்த வருஷம் நம்ம சங்கம் அலைஞ்சதெல்லாம் பார்க்கிங்குக்காகத்தான். இதுக்கு முன்னாடியும் இதப்பத்தி பேசியிருக்கோம், ஆனா "இருக்கறதுதானே"ன்னு விட்டுருவோம். இந்த தடவை விடாம புடிச்சதுக்கு காரணம் நம்ம உறுப்பினர் அக்கா ஒருத்தவங்களுக்கு நடந்தது. முதுகுத்தண்டுல அடிபட்டு வீல்சேர்ல இருக்கறவங்க, ஹேண்ட் கன்ட்ரோல் வச்ச (பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாம் கையாலேயே இயக்கற) கார தானே ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போறவங்க. திருச்சி தில்லைநகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருக்காங்க, அங்க வீல்சேர் படம் போட்ட இடமும் பக்கத்துல கோடு கோடா அடிச்ச இடமும் ஒழுங்கா இருந்துருக்கு, வண்டிய விட்டு இறங்கி உள்ள போயிட்டாங்க. திரும்பி வந்து பாத்தா கோடு போட்ட அந்த இடத்துல, டிரைவர் சைடு கதவ ஒட்டி, இன்னொரு கார் நிக்குது. கதவ ஒரு சாண் கூட திறக்க முடியாது. நடக்கறவங்களா இருந்தா அந்தப்பக்க கதவு வழியா ஏறி நகர்ந்து உக்காந்துக்கலாம், இவங்க என்ன பண்ணுவாங்க? வெயில்ல ஒன்றரை மணி நேரம் காத்திருந்துருக்காங்க. முதுகுத்தண்டோட மேல் பகுதியில அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ சரியா வேர்க்காது, உடம்பு சூடு ஏறிக்கிட்டே போகும், அது நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், அங்க நின்னவங்க யாருக்கும் தெரியாது. நாலு பேர் நல்ல மனசோடதான் வந்து "தூக்கி உள்ள உக்கார வச்சுடறோம் மேடம்"னு சொல்லியிருக்காங்க. அவங்க வேணாம்னுட்டாங்க. உணர்ச்சி இல்லாத கால் எங்கயாவது உரசினாலோ மடங்கினாலோ புண்ணாயி மாசக்கணக்குல படுக்கையில போட்டுரும், அதவிட, யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க தூக்கித்தான் தன் சொந்த வண்டிக்குள்ள ஏறணும்னா அந்த வண்டிய அவங்க எதுக்கு வாங்கணும். கடைசியா கார்க்காரர் வந்து சொன்ன பதில், "சும்மா கோடு போட்டு காலியாத்தானே மேடம் கிடந்துச்சு."

அந்த பதிலத்தான் கமிட்டியில ரொம்ப நேரம் பேசினோம். அவர் பொய் சொல்லல, நெஜமாவே அப்படித்தான் நெனச்சிருக்காரு. நமக்கு ஒதுக்கற இடம் வாசலுக்குப் பக்கத்துல குடுக்கற சலுகைன்னு ஜனங்க நெனக்கறாங்க, வயசானவங்களுக்கு பஸ்ல சீட்டு விட்டுக் குடுக்கற மாதிரி. பக்கமா இருக்கறது தேவைதான், 30 மீட்டருக்குள்ள இருக்கணும்னு கட்டட விதியே சொல்லுது. ஆனா அதுல முக்கியம் அகலம். சாதாரண கார் இடம் 2.5 மீட்டர் அகலம்னா நமக்கு குறைஞ்சது 3.6 மீட்டர், கிட்டத்தட்ட பன்னெண்டு அடி. கதவு முழுசா திறக்கணும், வீல்சேர பின்னாடிலேர்ந்து இறக்கி விரிக்கணும், சீட்டுக்கு ஒட்டி நிறுத்தி உடம்ப அதுல மாத்தணும், இவ்வளவும் அந்த கூடுதல் அகலத்துலதான் நடக்குது. அந்த கோடு போட்ட இடம் காலி இடம் கிடையாது, அதுதான் எங்களுக்கு கதவு. அத அடைச்சா வந்தவங்க இறங்க முடியாது, இறங்கினவங்க வீட்டுக்குப் போக முடியாது. "அஞ்சு நிமிஷம்தான் சார்"னு சொல்றவங்களுக்கு நாம இந்த வருஷம் ஒவ்வொரு எடத்துலயும் இதத்தான் திரும்பத் திரும்ப சொன்னோம், கோவப்படாம சொன்னா முக்காவாசிப் பேரு உடனே வண்டிய எடுத்துடறாங்க, அதையும் பதிவு பண்ணணும்.

இன்னொண்ணு எங்க போனாலும் கேட்டோம், "எப்பவும் காலியாத்தான் கிடக்கு, யாரு வர்றா?" 2011 மக்கள்தொகை கணக்குப்படி தமிழ்நாட்டுல மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிங்க. அவங்கள்லாம் எங்க? எடம் இருக்குமா இல்லையான்னு தெரியாம கிளம்பி வந்து, சுத்திச் சுத்திப் பாத்துட்டு இறங்காமலே வீட்டுக்குத் திரும்பினவங்க அடுத்த தடவ வர மாட்டாங்க. வராததால காலியா இருக்கு, காலியா இருக்கறதால மத்தவங்க நிறுத்தறாங்க, நிறுத்தறதால இன்னும் வர்றதில்ல. இத ஒரு கடை மேனேஜர்கிட்ட சொன்னப்ப அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எங்க அம்மாவையும் நான் இப்படித்தான் கடைக்குக் கூட்டிட்டு வர்றதில்ல சார்"னாரு.

கார் வச்சிருக்கறவங்க நம்ம சங்கத்துல கொஞ்சம் பேருதான், பெரும்பாலும் சைடு வீல் வண்டி. அதுக்கு யாரும் இடமே யோசிக்கறதில்லங்கறது எனக்கு பெரிய வருத்தம். கார் பார்க்கிங்ல வீல்சேர் படம் வரைஞ்சிருப்பாங்க, டூவீலர் பார்க்கிங்ல எதுவும் இருக்காது. போலியோ வந்த தலைமுறை ஆளுங்க, விபத்துல கால் போனவங்க, அரசாங்கம் குடுத்த ஸ்கூட்டர்ல பொழப்பு நடத்தறவங்க, அந்த வண்டி ரெண்டு பைக்குக்கு நடுவுல நுழையாது. ஓரமா ஒரு எடம் பாத்து விட்டா கூட, திரும்பி வரும்போது ரெண்டு பக்கமும் பைக்க சொருகி வச்சிருப்பாங்க, ஸ்டாண்டு பசங்க எடம் பத்தலன்னு சைடு வீலப் புடிச்சு இழுத்து நகத்தியிருப்பாங்க, வீல் வளைஞ்சு போயிரும். ஊன்றுகோல வச்சுக்கிட்டு பைக்க நகத்த முடியுமா, போற வர்றவங்கள கூப்பிட்டு கெஞ்சணும். என்.எஸ்.பி. ரோட்டுல தீபாவளி நேரத்துல நம்ம உறுப்பினர் ஒருத்தரு சாயங்காலம் முழுக்க அப்படி நின்னாரு, வாங்கின துணிப் பைய வண்டியில வச்சுட்டு பக்கத்துல நடைபாதையில உக்காந்துட்டாரு. ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்துலயோ கடை ஓரத்துலயோ ரெண்டு பைக் நிக்கற அகலம் ஒரு சைடு வீல் வண்டிக்குப் போதும். இதுக்குன்னு தனியா ஒரு மனு தயார் பண்ணி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுத்திருக்கோம், ரசீது ஃபைல்ல இருக்கு.

இந்த வருஷம் உறுப்பினர்களா சேர்ந்து கடைகள், ஆஸ்பத்திரிகள், கல்யாண மண்டபங்கள்னு நேர்ல போய்ப் பாத்தோம். கார்க்காரங்க மட்டுமே குத்தவாளி இல்லங்கறது அப்பத்தான் முழுசா புரிஞ்சுது. படம் போட்ட இடத்துல ஜெனரேட்டர் நிக்குது, தண்ணி கேன் அடுக்கியிருக்கு, ஆடித் தள்ளுபடி போர்டு நிக்குது, ஸ்டாஃப் பைக் வரிசையா நிக்குது. ஒரு மண்டபத்துல ரேம்ப் தொடங்கற இடத்துலயே பூந்தொட்டி, அழகுக்காம். சில எடத்துல நல்லதுன்னு நெனச்சு கோனும் சங்கிலியும் போட்டு மறிச்சு வச்சிருக்காங்க, யாரும் நிறுத்தக் கூடாதுன்னு. தனியா ஓட்டிட்டு வர்ற வீல்சேர்க்காரர் அந்த கோன எப்படி எடுப்பாரு? எடுக்கறதுக்கு இறங்கணும், இறங்கறதுக்கு அந்த இடம் வேணும். ஹார்ன் அடிச்சா செக்யூரிட்டி அந்தப் பக்கம் இருப்பாரு.

செக்யூரிட்டி அண்ணன்களப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஆளுங்க பல பேரு கோவத்த அவங்க மேலதான் காட்டறோம், அது வேணாம்னு கேட்டுக்கறேன். அறுபது வயசு தாண்டின மனுசங்க, பன்னெண்டு மணி நேர ட்யூட்டி. "சார் இது மாற்றுத்திறனாளி இடம்"னு சொன்னா "நான் யாருன்னு தெரியுமா, உன் மேனேஜர கூப்பிடு"ன்னு கார்க்காரங்க சத்தம் போடுவாங்க, மேனேஜர் வந்து "விடுங்கண்ணே, கஸ்டமர்"னு சொல்லிட்டுப் போயிருவாரு, அடுத்த தடவ அந்த செக்யூரிட்டி வாயத் திறப்பாரா? அதனால நாம கேக்க வேண்டியது மேனேஜர. ஒரு ஜவுளிக்கடையில இத அப்படியே எடுத்துக்கிட்டாங்க. ஒதுக்கின இடத்த செக்யூரிட்டி நாற்காலிக்கு நேர் எதிர்ல மாத்தினாங்க, கோன எடுத்துட்டாங்க, தமிழ்ல பெரிய எழுத்துல போர்டு வச்சு கீழ போன் நம்பர் போட்டாங்க, யாராவது வாக்குவாதம் பண்ணா தான் இறங்கி வருவேன்னு மேனேஜரே செக்யூரிட்டிகிட்ட நம்ம முன்னாடி சொன்னாரு. அதுக்கப்புறம் அங்க போன நம்ம ஆளுங்க யாருக்கும் இடம் இல்லாம போகல. பெயிண்டும் போர்டும் எல்லா இடத்துலயும் இருக்கு, பொறுப்புன்னு ஒரு ஆள் இருந்ததுதான் இங்க வித்தியாசம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பல பேரு கேட்டீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துல பொதுக் கட்டடம்னா அரசாங்கக் கட்டடம் மட்டும் இல்ல, ஜனங்க வந்து போற தனியார் கட்டடமும்தான், கடை, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் சேரும். ஏற்கனவே இருக்கற கட்டடங்கள நாம வந்து போற மாதிரி மாத்த விதிகள் வந்த நாள்லேர்ந்து அஞ்சு வருஷம் டைம் குடுத்தாங்க, விதிகள் வந்தது 2017 ஜூன், கணக்குப் போட்டா 2022 ஜூனோட கெடு முடிஞ்சிருச்சு. சட்டத்த மீறினா முதல் தடவ 10,000 ரூபாய் வரைக்கும், அடுத்தடுத்து மீறினா 50,000லேர்ந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம். அப்புறம் இந்த வருஷமே, 2024 நவம்பர் 8, ராஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு குடுத்துச்சு. அணுகல் விதிங்கள (கட்டடம், பஸ் எல்லாம் நாம பயன்படுத்தற மாதிரி இருக்கணும்ங்கற விதிங்கள) வெறும் பரிந்துரை மாதிரி வச்சிருக்கறது சட்டத்துக்கே எதிரானதுன்னு சொல்லி, மூணு மாசத்துக்குள்ள கட்டாய விதிகள் வகுக்கணும்னு மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. வழக்குப் போட்டவரு பார்வை இல்லாதவரு, 2005லேர்ந்து போராடினவரு. அந்தத் தீர்ப்போட முக்கியப் பகுதிய தமிழ்ல ஒரு பக்கமா சுருக்கி லேமினேட் பண்ணி வச்சிருக்கோம், எங்க பேசப் போனாலும் அத எடுத்துட்டுப் போங்க, சட்டத்தக் காட்டினா பேச்சு மாறுது.

இனி சொல்லப் போறது நம்ம பக்கம். ஸ்டிக்கர். வீல்சேர் படம் போட்ட ஸ்டிக்கர் எந்த ஸ்டிக்கர் கடையிலயும் கிடைக்குது, யாரும் எதுவும் கேக்கறதில்ல. அத ஒட்டிக்கிட்டு நல்லா இருக்கறவங்க நிறுத்தறாங்கன்னு நாம புகார் சொல்றோம், சரி. ஆனா நம்ம வீட்டுப் பசங்களே அப்பா வீட்ல படுத்திருக்க, அப்பா வண்டிய எடுத்துட்டு சினிமாவுக்குப் போய் அந்த இடத்துல விடறாங்க. இது நடக்குது, மறைக்க வேணாம். இங்கிலாந்துல நீல அட்டைன்னு ஒண்ணு இருக்கு, அது ஆளுக்குக் குடுக்கறது, வண்டிக்கு இல்ல, அந்த ஆளு எந்த வண்டியில போனாலும் செல்லும், அவரு இல்லாம வேற யாராவது பயன்படுத்தினா ஆயிரம் பவுண்டு வரைக்கும் அபராதம். நமக்கும் அப்படி ஒரு அட்டைய யூடிஐடி கார்டோட சேத்து அரசாங்கமே குடுக்கணும்ங்கறது சங்கத்தோட கோரிக்கை. 2020 அக்டோபர்லேர்ந்து வண்டி பதிவு படிவத்துல உரிமையாளர் மாற்றுத்திறனாளின்னு குறிக்கவே இடம் வந்திருச்சு, புது வண்டி வாங்கறவங்க அத மறக்காதீங்க.

அடுத்தது எழுதறதுக்கே கஷ்டமா இருக்கு, ஆனாலும் அறிக்கையில வரணும். நம்ம உறுப்பினர் ஒருத்தரு ஒரு மால்ல, ஒதுக்கின இடத்துல காரை விட்டு இறங்கி நடந்து போன இளைஞர மறிச்சு சண்டை போட்டு, வீடியோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போட்டுட்டாரு. "கால் ரெண்டும் நல்லா இருக்கு, வெக்கமா இல்லையா"ன்னு கேக்கறது அதுல இருக்கு. அந்தப் பையனுக்கு தசைச்சிதைவு நோய். கொஞ்ச தூரம் நடப்பாரு, அதுக்கு மேல போனா முழங்கால் மடங்கி விழுந்துருவாரு, விழுந்தா தானா எழுந்திரிக்க முடியாது. அவங்க அம்மா நம்ம தலைவருக்கு போன் பண்ணி அழுதாங்க. சட்டத்துல 21 வகை ஊனம் இருக்கு, அதுல பாத்தவுடனே தெரியறது எத்தன? செயற்கைக்கால் மேல பேன்ட் போட்டு நடக்கற நம்ம ஆளுங்களே இங்க இருக்கோம். போர்டுல இருக்கற படம் 1968ல டென்மார்க்கச் சேர்ந்த சூசன் கோஃபோடுங்கற மாணவி வரைஞ்சது, உலகம் முழுக்க அதான், வீல்சேர் படமா இருக்கறதால வீல்சேர்ல வந்தாத்தான் மாற்றுத்திறனாளின்னு ஊரே நெனக்குது, நாமளும் அப்படி நெனச்சா எப்படி. வீடியோவ அன்னிக்கே அழிக்கச் சொன்னோம், உறுப்பினரும் தலைவரும் அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாங்க, அந்தப் பையன் இப்ப நம்ம சங்கத்துல உறுப்பினர்.

அதுலேர்ந்து கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கு, பொதுக்குழுவும் கை தூக்கி ஒப்புக்கிச்சு. ஆளப் பாத்து ஊனம் இருக்கா இல்லையான்னு நாம யாரையும் கேக்கக் கூடாது, வீடியோ எடுக்கக் கூடாது. இடத்தோட போட்டோ, தேதி, நேரம் மட்டும் எடுத்து சங்கத்துக்கு அனுப்புங்க, ஆளு முகம் வேணாம். நாங்க கடைக்கு, கட்டட உரிமையாளருக்கு எழுதுவோம், பதில் வரலன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுவோம். சரி பாக்க வேண்டிய பொறுப்பு கட்டடத்தோடது.

வர்ற வருஷத்துக்கு மூணு வேலை முடிவாயிருக்கு. சைடு வீல் வண்டிக்கு டூவீலர் பார்க்கிங்ல அகலமான இடம் கேட்டு குடுத்த மனுவுக்குப் பின்னாடி அலையறது, ஆளுக்குக் குடுக்கற பார்க்கிங் அட்டை வேணும்னு கையெழுத்து வாங்கறது, தீபாவளிக்கு முன்னாடி என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி கடைக்காரங்கள உக்கார வச்சு ஒரு கூட்டம் போடறது. கடைக்காரங்க கூட்டத்துக்கு வீல்சேர்ல வர்றவங்க, சைடு வீல் வண்டியில வர்றவங்க, கண்ணுக்குத் தெரியாத பிரச்சனை இருக்கறவங்க, மூணு தரப்பும் பேசணும். பேர் குடுக்கறவங்க துணைச் செயலாளர் தம்பிகிட்ட இந்த மாசத்துக்குள்ள குடுங்க. சந்தா பாக்கி இருக்கறவங்களும் அப்படியே கட்டிடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்