டீக்கடைக்கு வந்த நோட்டீஸ்

அன்புள்ள தம்பிக்கு,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து உன் பழைய செய்தித்தாள் ஏஜெண்டு எழுதுகிறேன். கவுன்சிலர் ஆன பிறகு ஊரே உன்னை 'நீங்கள்' என்கிறது. அரைக்கால்சட்டையோடு என் கடையில் சிறுவர் இதழை ஓசியில் படித்துவிட்டு ஓடியவனை அப்படி அழைக்க எனக்கு வாய் வரவில்லை, பொறுத்துக்கொள். உன் பெயரையும் வார்டையும் இங்கே எழுதவில்லை. தெருவுக்குத் தெரியும்.

விஷயம் அந்த டீக்கடைப் பையன்தான். நவம்பர் மழையில் சாக்கடை பொங்கித் தெருவில் முழங்கால் அளவு நின்றதைக் கைபேசியில் படம் பிடித்துப் போட்டான். கவுன்சிலர் படகில் வருவாரா என்று கேட்டிருந்தான். கூடவே உன்னை எருமையோடு ஒப்பிட்டு ஒரு வரி. அது தடித்த பேச்சு. நேரில் பார்த்தபோது நானே அவனைக் கடிந்துகொண்டேன். ஆனால் பன்னிரண்டாம் நாள் அவன் அப்பாவின் கடைக்கு 'ஆக்கிரமிப்பு' என்று நோட்டீஸ் வந்ததே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தகரக் கொட்டகை பதினெட்டு வருடமாக அங்கேயே நிற்கிறது. 2015 வெள்ளத்தில் ஊர் மிதந்தபோது மூன்று நாள் காசு வாங்காமல் டீ ஊற்றினார்கள், நீயும் குடித்தாய். அதே வரிசையில் பூக்கடை, ஜெராக்ஸ் கடை, செருப்புத் தைப்பவர், உன் கட்சிக்காரரின் ஜூஸ் கடை, எல்லாமே சாக்கடை மூடியின் மேல்தான் இருக்கின்றன. நோட்டீஸ் வந்தது ஒன்றே ஒன்றுக்கு. கேட்டவர்களிடம், "சட்டப்படிதானே செய்திருக்கிறார்கள்" என்றாயாம்.

சட்டப்படிதான். அதுதான் எனக்கு உறுத்துகிறது. பஞ்சாபில் ஓர் அரசு மருத்துவர், பெயர் பிரதாப் சிங். முதலமைச்சர் பெயரும் பிரதாப் சிங், கைரோன். முதலமைச்சர் வீட்டார் கேட்டதையெல்லாம் செய்ய முடியாது என்று மருத்துவர் நின்றதும் அவரது விடுப்பு ரத்தானது, பணியிடைநீக்கம் வந்தது, விசாரணையும் வந்தது. ஒவ்வோர் உத்தரவையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அரசுக்கு அதிகாரம் உண்டு. 1963-இல் உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தது: அதிகாரம் இருக்கலாம், வஞ்சம் தீர்க்க அதை எடுத்தால் செல்லாது. மருத்துவர் பேச்சுகளை டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார் என்பது வேறு. இன்றைக்குத் தெருவில் எல்லார் கையிலும் அந்தக் கருவி இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்.

இந்தச் சுற்றுவழி புதியதும் இல்லை. 1908-இல் பாரதி புதுச்சேரிக்குப் போனார். பிரெஞ்சு எல்லைக்குள் வெள்ளைக்காரன் போலீஸ் கைவைக்க முடியாது. 'இந்தியா' இதழ் அங்கிருந்து வெளிவந்தது. ஆளைத் தொட முடியாவிட்டால் என்ன, இதழ் இந்தப் பக்கம் வரத் தடை போட்டார்கள். வாசகர்களோ இந்தப் பக்கம்தான் இருந்தார்கள். 1910-இல் இதழ் நின்றுபோனது. 1918 நவம்பரில் எல்லை தாண்டியவரைப் பிடித்து நம் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். டிசம்பர் நடுவில்தான் விட்டார்கள். அதாவது அவருக்கு முப்பத்தாறு வயது நிறைந்த நாளில் அவர் இந்த ஊர்ச் சிறையில் இருந்தார். சென்ற வாரம் அதே டிசம்பர் 11-ஆம் தேதி நீ அவர் படத்துக்கு மாலை போட்டு, அச்சமில்லை என்று முழங்கினாய். கூட்டத்தின் கடைசியில் டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். நான் உன்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மானம் போனதாகச் சொல்கிறாயாம். அப்படியானால் வழக்குப் போடு. உன் சொந்தச் செலவில், உன் சொந்தப் பெயரில். 1994-இல் நக்கீரன் இதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீலிடம் கேட்டுக்கொள். அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நட்டஈடு கேட்க முடியாது. பதவியில் இருப்பவர் தம் அலுவல் பற்றிய விமர்சனத்துக்கு வழக்குத் தொடுத்தால், அது பொய், உண்மையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதப்பட்டது என்று அவரே காட்ட வேண்டும். தெருவில் தண்ணீர் நின்றது பொய்யா?

பக்கத்துப் புதுச்சேரியில் 2012-இல் மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக ஒருவரைக் கைது செய்தார்கள். அதற்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015-இல் தூக்கி எறிந்தது. கைதுக்கு முன் அந்த வரியைப் படித்தவர்கள் சிலர்தான். பிறகு நாடே படித்தது.

என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. ஊரெங்கும் எதிர்ப்பு எழ, சில நாள்களில் விட்டுவிட்டார்கள். அந்த வாரம் கட்சிக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்து, விகடன் போஸ்டரைத் தொங்கவிட வேண்டாம் என்றார். மிரட்டவில்லை, தோளில் கைபோட்டுத்தான் சொன்னார். நான் சுருட்டி உள்ளே வைத்தேன். மாலையில் உன் அப்பா வந்தார். வழக்கமான இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், உள்ளே கைவிட்டு எடுத்து, தானே கிளிப் மாட்டித் தொங்கவிட்டுப் போனார். அவர் அரசு ஊழியர். என்னைவிட அவருக்குப் பயப்பட அதிகக் காரணம் இருந்தது.

நோட்டீஸின் கெடு வியாழக்கிழமை முடிகிறது. ஆக்கிரமிப்பை அகற்றத்தான் வேண்டும் என்றால் வரிசை முழுவதற்கும் ஒரே நாளில் கொடுக்கச் சொல், ஜூஸ் கடையிலிருந்து தொடங்கட்டும், அவர்களுக்கு மாற்று இடமும் காட்டு. இல்லையென்றால் அந்தக் காகிதத்தைத் திரும்பப் பெறச் சொல். எதுவானாலும் அதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து போ. காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடு. தண்ணீர் இன்னும் முழுதாக வடியவில்லை.

அன்புடன்,
பேப்பர் கடைக்காரன்