செயலாளரின் ஆண்டறிக்கை: யூத ஆண்டு 5785

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் ஷாலோம்.

ஓய்வுநாள் வழிபாடு, மாதக் கூட்டங்கள், பெசாக் (பாஸ்கா) விருந்து எல்லாம் இந்த ஆண்டும் குறைவின்றி நடந்தன. விவரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன. கோடைக்காலக் கற்றல் முகாமைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் முறையாக ஒரு கலைஞர் வாரம் முழுவதும் நம்முடன் தங்கினார்.

1968-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஹவூரத் ஷாலோம் என்ற குழு தொடங்கியதிலிருந்து, கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே வட்டத்தில் உட்காருவதுதான் நம்முடையது போன்ற ஹவூராக்களின், அதாவது கூடி வழிபட்டுக் கற்கும் சிறு யூதக் குழுக்களின், வழக்கம். அதனால் கலைஞரை ஒரு மாலை நிகழ்ச்சிக்கு அழைத்து, கைதட்டி அனுப்பிவிடச் செயற்குழுவுக்கு மனமில்லை. காலையில் அவரும் ஒரு துணையோடு அமர்ந்து யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் படித்தார். மதியம் அவரிடம் நாம் கத்தி பிடிக்கப் பழகினோம்.

அவருடையது காகிதவெட்டுக் கலை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே செழித்தது. காகிதமும் ஒரு சிறு கத்தியும் போதும் என்பதால் ஏழை மாணவர்களும் இதைச் செய்தார்கள். தாளை நடுவில் மடித்து வெட்டி விரித்தால், விளக்குத்தண்டின் இருபுறமும் சிங்கங்கள் எதிரெதிரே நிற்கும். கிழக்குச் சுவரில் மாட்டும் மிஸ்ராக் என்ற அலங்காரத் தாளும், ஷவுவோத் பண்டிகைக்குச் சன்னலில் ஒட்டும் பூக்களும் இப்படி உருவானவைதான். சிறுத்தை, கழுகு, மான், சிங்கம் என்று பிர்க்கே ஆவோத் என்ற அறவுரை நூலில் யூதா பென் தேமா சொன்ன நான்கையும் குழந்தைகள் கத்தரிக்கோலால் வெட்டி உணவுக்கூடத்தை நிறைத்துவிட்டார்கள்.

‘இறைவனை எப்போதும் என் முன் வைத்திருக்கிறேன்’ என்ற 16-ஆம் சங்கீத வரியை வைத்து ஷிவித்தி என்ற வழிபாட்டு அலங்காரத் தாளைச் செய்ய முனைந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. அதில் இறைவனின் திருப்பெயர் வருகிறது. எழுதிய பிறகு அந்தத் தாளை எறியக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும். ஆகவே பழகும் தாள்களில் அந்த இடத்தை வெறுமையாக விட்டோம். சுற்றியுள்ள தாளை வெட்டி நீக்கும்போது உருவாகும் எழுத்து ‘எழுதியது’ ஆகுமா? மணவிலக்குப் பத்திரத்தைப் பற்றி கித்தீன் பகுதியில் தல்மூத் கேட்கும் கேள்வி இது. கையில் கத்தியோடு அதைப் படித்ததுபோல் நான் வேறு எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

வெள்ளி மாலை கதிரவன் மறையும் முன் கத்திகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். வெட்டுதல், எழுதுதல், சாயமிடுதல் எல்லாம் ஓய்வுநாளில் விலக்கப்பட்டவை. கலைஞரை அழைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா வைக்கலாமா என்று வசந்தகாலக் கூட்டத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். பதில் தல்மூத்தின் அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பிலேயே இருந்தது. ஓய்வுநாளில் விலக்க வேண்டியவை என்று அது எண்ணும் 39 வேலைகளைத் திருக்கூடாரம் அமைத்த வேலைகளோடு தல்மூத் பொருத்திக் காட்டுகிறது. அதாவது அந்தக் கூடாரத்தை அமைத்த கைவினைஞர் பெசலேல் கையால் செய்த தொழில்கள். யாத்திராகமம் 31-இல் பெசலேல் நியமனத்தை அடுத்தே ஓய்வுநாள் கட்டளை வருகிறது; கலைஞரும் ஓய்வு நாளில் கையை நிறுத்த வேண்டும் என்பதே பதில். சனிக்கிழமை பிற்பகல் அந்த அதிகாரத்தைக் கலைஞரே நடத்தினார். எனக்கு அந்த வாரத்திலேயே சிறந்த பாடம் அதுதான்.

சமையற்குழுவுக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கலைஞர் தங்கும் திட்டத்தைத் தனிச் செலவாக நினைக்காமல் கற்றல் நிதியிலேயே சேர்க்க வேண்டும் என்பது செயற்குழுவின் தீர்மானம். அதற்குப் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்