கோஸ்டா ரிக்கா போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். எட்டு ராத்திரிக்குள் சான் ஹோசே, டோர்ட்டுகேரோ, அரேனல், மான்டேவெர்தே, மனுவேல் அந்தோனியோ, கடைசியில் கொர்க்கோவாடோ. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சேர்ந்து இப்படி ஒரு நாட்டுக்குக் கிளம்புவது முதல் தடவை, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் இதில் பாதியை அடித்துவிடு. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நாடு சின்னது, 51,100 சதுர கி.மீ., தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அந்த அளவைப் பார்த்துத்தான் எல்லோரும் ஊர்களை அடுக்கிவிடுகிறார்கள். ஆனால் நாட்டின் முதுகெலும்பே மலை. அரேனல் எரிமலை அடிவாரத்தில் இருக்கும் லா ஃபொர்த்துனாவுக்கும் மான்டேவெர்தேவுக்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 30 கி.மீ.கூட வராது, ஆனால் குறுக்கே ஏரியும் மலையும் கிடப்பதால் காரில் சுற்றிக்கொண்டு போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேனில் ஏறி, படகில் ஏரியைக் கடந்து, அக்கரையில் இன்னொரு வேன் பிடிக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. அதையே எடுத்துக்கொள், குட்டிக்கும் பிடிக்கும்.

டோர்ட்டுகேரோ இந்தத் தடவை வேண்டாம். படகிலோ சின்ன விமானத்திலோதான் அங்கே போக முடியும், ரோடு கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பச்சைக் கடலாமைகள் கூட்டமாக முட்டையிட வருவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. நீங்கள் போவது மார்ச். ஆமையைப் பார்க்கணும் என்று குட்டி ஆசைப்படுவதால்தான் அந்த ஊரைச் சேர்த்தாய், அவள் ஏமாந்து போவாள். கொர்க்கோவாடோ தெற்கு மூலையில் இருக்கிற பெரிய காடு, வழிகாட்டி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள், ஏழு வயதுப் பிள்ளையை அங்கே அவ்வளவு நடக்க வைக்க முடியாது. சான் ஹோசேவில் இறங்கிய ராத்திரி மட்டும் தங்கினால் போதும்.

லா ஃபொர்த்துனாவில் மூன்று ராத்திரி, மான்டேவெர்தேவில் இரண்டு, மனுவேல் அந்தோனியோ கடற்கரைக்கு இரண்டு. அவ்வளவுதான்.

அரேனலை வெறும் மலை என்று நினைத்துத்தான் ஜனங்கள் அதன் அடியில் குடியிருந்தார்கள். 1968 ஜூலை 29ஆம் தேதி அது வெடித்துச் சின்னச் சின்ன ஊர்களை அழித்தது, அதற்கப்புறம் 2010 வரைக்கும் ஓயவே இல்லை. இப்போது அமைதியாக இருக்கிறது, நெருப்புக்குழம்பு வழிவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதே. பூமிக்கு அடியில் இன்னும் சூடு இருப்பதால் அங்கங்கே வெந்நீர் ஊற்று, குளிக்க இடம் கட்டி விட்டிருக்கிறார்கள். அது போதும்.

எனக்கு உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது மான்டேவெர்தே பற்றித்தான். உன் திட்டத்தில் அதற்கு அரை நாள்தான் போட்டிருக்கிறாய். சான் ஹோசேயும் நம் மதுரையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, இரண்டும் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி கேரளப் பக்கம் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறட்டுக் காற்றாக வருகிறது அல்லவா, அதே கதை அங்கே திசை மாறி நடக்கிறது. கரீபியக் கடலிலிருந்து வடகிழக்குக் காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மலையில் முட்டுகிறது, மான்டேவெர்தே இருக்கிற முகடு முழுக்க மேகம். மார்ச்சில் பசிபிக் பக்கம் வெயில் காயும்போதுகூட முகட்டுக் காட்டில் மரங்கள் மேகத்திலிருந்தே ஈரம் எடுத்துக்கொண்டு பாசியும் ஆர்கிடுமாக நிற்கும். பூகோளப் பாடத்தில் இதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்து காட்டியிருக்கிறேன், நீயாவது நேரில் போய் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

அந்தக் காடு மிஞ்சியதே ஒரு கதை. 1948இல் கோஸ்டா ரிக்கா ராணுவத்தையே கலைத்துவிட்டது. அதே சமயத்தில் அமெரிக்காவின் அலபாமாவில், ராணுவத்துக்குப் பெயர் பதிய மாட்டோம் என்று சொன்ன க்வேக்கர் என்கிற, போரையே ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு இளைஞர்கள் சிலரைச் சிறையில் போட்டார்கள். ராணுவம் இல்லாத நாடு இருக்கிறதே என்று அந்தக் குடும்பங்கள் 1951இல் இந்த மலைக்குக் குடிவந்து, மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைத்தார்கள். நிலத்தை வாங்கியபோதே தண்ணீர் உற்பத்தியாகும் மேல்பகுதிக் காட்டைத் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். 1972இல் அதை ஒட்டித்தான் காப்புக்காடு உருவானது. இதைக் குட்டிக்குச் சொல். அங்கே மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை என்பதையும் சொல், சின்னப் பிள்ளை என்று மறைக்க வேண்டியதில்லை. கெட்சால் பறவை கூடு கட்டும் காலம் மார்ச், அதனால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு விடிந்ததும் போங்கள். முதல் நாள் முழுக்க மேகம் மூடியிருந்தாலும் மறுநாள் கிடைக்கும், இரண்டு ராத்திரி கேட்பது அதற்காகத்தான். ஸ்வெட்டர் எடுத்துக்கொள், அங்கே குளிரும்.

மனுவேல் அந்தோனியோ பூங்காவுக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை, டிக்கெட்டையும் முன்னாடியே ஆன்லைனில் வாங்க வேண்டும். குரங்கும் தேவாங்கு மாதிரி மெதுவாக நகரும் ஸ்லாத்தும் அங்கே நிச்சயம் கண்ணில் படும். ஆனால் பசிபிக் கடல் பார்க்க அமைதியாக இருந்தாலும் உள்ளுக்குள் இழுக்கும். இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இதை மாப்பிள்ளைக்கும் சொல்லிவிடு. குட்டியைக் கை பிடிக்காமல் தண்ணீரில் விடாதே.

சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், டல்லாஸ் வெயில் பழக்கத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், மலை ரோட்டில் ராத்திரி ஓட்டவே வேண்டாம். வாடகைக் கார் விலை இணையத்தில் குறைவாகத் தெரியும், சட்டப்படி எடுக்க வேண்டிய மூன்றாம் நபர் இன்சூரன்ஸை அதற்கு மேல் சேர்ப்பார்கள், கிரெடிட் கார்டு இன்சூரன்ஸ் அதற்குச் செல்லாது. நிறுத்திய காரில் பையை விட்டுப் போகாதே.

சாப்பாட்டுக்கு நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. காலையில் காயோ பின்தோ, சாதமும் கருப்பு பீன்ஸும் கலந்தது, மத்தியானம் காசாதோ, சாதம், பீன்ஸ், பொரித்த நேந்திரன், காய். மாப்பிள்ளை சைவம் என்பதால் "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது, கோழியையும் மீனையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்காமல் இருக்கலாம், அவற்றையும் தனியாகச் சொல்லணும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போட்டார்களா என்றும் கேட்கணும்.

இதையெல்லாம் விட அவசரமானது ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க மல்டிபிள் என்ட்ரி விசா இருந்தால் கோஸ்டா ரிக்காவுக்குத் தனி விசா தேவைப்படாது, ஆனாலும் அவர்கள் தூதரகத்தில் ஒரு தடவை உறுதி செய்துகொள். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் இருக்கிற எச்1பி, அதாவது அமெரிக்க வேலை விசா, ஸ்டாம்ப் முடியப் போகிறது என்று போன மாதம் நீதான் சொன்னாய். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய் வந்தால் முடிந்த ஸ்டாம்புடன் அமெரிக்காவுக்குத் திரும்ப ஒரு சலுகை இருக்கிறது, கோஸ்டா ரிக்காவுக்கு அது கிடையாது. எச்1பி அப்ரூவல் பேப்பர் மட்டும் வைத்துக்கொண்டு திரும்பி வர விமானம் ஏற முடியாது. அதனால் விமான டிக்கெட், ஹோட்டல் எதற்கும் பணம் கட்டாதே. இன்று ராத்திரியே அவர் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பார்த்து எனக்கு எழுது.

அம்மா